கடையில் திறந்திருக்கும் கண் வீட்டில் மூடிக்கொள்வது ஏன்?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சென்னையில் பழைய இரும்பு, பழைய சாமான் வாங்கும் கடைக்கு என்ன பெயர்? 'காயலான் கடை' என்று பெயர். காயல்பட்டினத்துக்காரர்கள் ஒரு காலத்தில் இந்தத் தொழிலில் முன்னே நின்றதால் வந்த பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அடுத்தவர் வேண்டாம் என்று வீசியதில் காசு இருக்கிறது என்று கண்டுகொண்ட சமுதாயம் நம்முடையது! ஆம்பூர், வாணியம்பாடிக்குப் போய்ப் பாருங்கள். தோல் வெட்டும்போது விழும் துண்டைக் கூட குப்பையில் போடமாட்டார்கள். பெரிய துண்டு பணப்பைக்கு, சிறிய துண்டு சாவிக் கொத்துக்கு என்று பிரித்து வைப்பார்கள். திருப்பூரில் பனியன் வேஸ்ட் என்பது தனி வியாபாரம். எண்ணெய் துடைக்கும் துணியாக அது லேத் பட்டறைக்குப் போகிறது. நாராகப் பிரிக்கப்பட்டு மீண்டும் நூலாகிறது.

கடையில் இப்படி இருக்கிற நாம் வீட்டில் எப்படி இருக்கிறோம்? அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

கடையில் ஓர் அட்டைப்பெட்டி வீணானால் வேலைக்காரப் பையனிடம் கோபித்துக்கொள்கிறோம். அதே நாள் வீட்டில் நடுவில் மட்டும் நைந்துபோன போர்வை குப்பைக்குப் போகிறது. கேட்க ஆள் இல்லை! கடையில் கட்டு கட்டிய கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வைக்கிறோம். வீட்டில் கண்ணாடி பாட்டில்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, மசாலா டப்பா வேண்டும் என்று பாத்திரக் கடைக்குப் போகிறோம். இடது கை சேர்த்ததை வலது கை சிந்துகிறது.

கடன் எங்கிருந்து வருகிறது?

இது சின்ன விஷயம்தானே, இதற்கொரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். ஒரு கணக்கைச் சொல்கிறேன். நீங்கள் வியாபாரிகள். கணக்கு உங்களுக்குப் புரியும்.

சிறிய கடை வைத்திருக்கும் ஒருவர் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 600 ரூபாய். 34 மாதத்தில் அவர் கட்டியிருக்கும் வட்டி 20,400 ரூபாய். அசல்? அப்படியே நிற்கிறது! இன்னொருவர் வீட்டுச் செலவில் மாதம் 600 ரூபாய் மிச்சம் பிடித்துத் தனியே வைக்கிறார். அதே 34 மாதத்தில் அவர் கையில் 20,400 ரூபாய் சொந்தப் பணம். ஒருவருக்குக் கடன் மிச்சம். மற்றவருக்கு முதல் மிச்சம். இரண்டு பேர் கையிலிருந்தும் போனது மாதம் 600 ரூபாய்தான்!

வட்டி கூடாது என்று மேடையில் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் வட்டிக்காரன் வாசலுக்குப் போகும் வழி நம் வீட்டுக்குள்ளிருந்து தொடங்குகிறது என்பதையும் பேச வேண்டும். சிறிய வியாபாரியின் முதலீடு ஒரே நாளில் கரைவதில்லை. கல்லாவிலிருந்து இன்றைக்கு 200, நாளைக்கு 300 என்று வீட்டுக்குப் போகிறது. போனது எதற்கு என்று கேட்டால் பதில் இருக்காது. சரக்கு எடுக்கும் நாள் வரும்போது பணம் இருக்காது. அப்போது கடன்! கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ல் சட்டமே வந்தது. சட்டம் வந்தும் அந்த வாசலில் கூட்டம் குறையவில்லை என்றால், காரணத்தின் ஒரு பகுதியை நாம்தான் சரிசெய்ய வேண்டும்.

கஞ்சத்தனமா? கௌரவக் குறைவா?

பழையதைத் தைத்துப் போட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் நம்மிடம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் போட்ட சட்டையை அடுத்த கல்யாணத்துக்குப் போடக் கூசுகிறோம். சகோதரர்களே! நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொள்வார்கள், தம் ஆடையையும் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இதைப் பயானில் கேட்டுக் கண் கலங்குகிறோம். வீட்டுக்குப் போனதும் பட்டன் அறுந்த சட்டையை ஒதுக்கி வைக்கிறோம். பட்டன் தைக்கத் தெரிந்த இளைஞர்கள் இங்கே எத்தனை பேர்? கையை உயர்த்தச் சொன்னால் சங்கடமாகிவிடும். ஆகவே விட்டுவிடுகிறேன்!

இது ஏழை நாட்டின் பழக்கம் என்றும் நினைக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் துணிக்கு ரேஷன் வந்தது. 1949 மார்ச் வரை நீடித்தது. பழைய துணியை எப்படி வெட்டி, எப்படி ஒட்டி, எப்படித் திருப்பித் தைப்பது என்று 1943ல் அந்நாட்டு அரசாங்கமே கையேடு அச்சிட்டுக் கொடுத்தது. உலகத்தை ஆண்டவன் ஒட்டுப் போட்டு உடுத்தினான். அவன் கௌரவம் போய்விடவில்லை.

நம் பக்கத்திலும் பாருங்கள். வங்காளத்து வீடுகளில் பழைய சேலையையும் லுங்கியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டுப் போர்வையாக்குவார்கள். 'காந்தா' என்று பெயர். தைக்கிற நூலைக் கூடப் பழைய சேலையின் கரையிலிருந்து உருவி எடுத்தவர்கள் அவர்கள். அந்தத் தையல் வேலை இன்று வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது. ஹரியானாவில் பானிப்பட் என்ற ஊர். பல நாடுகளிலிருந்து பழைய கம்பளி உடைகள் அங்கே வந்து இறங்குகின்றன. நிறம் வாரியாகப் பிரித்து, கிழித்து நாராக்கி, நூல் நூற்று, மலிவான கம்பளிகளாக நெய்து விற்கிறார்கள். ஊரே அதில் பிழைக்கிறது.

துணி எங்கே நைகிறது என்று பாருங்கள்

சரி, வீட்டில் என்ன செய்வது? துணியிலிருந்து தொடங்குவோம். ஒரு துணி முழுதும் ஒரே நாளில் நைவதில்லை. அதற்கென்று ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் இதில் பாதி வேலை.

படுக்கை விரிப்பு நடுவில் நையும். உடம்பு அழுந்துவது அங்கேதான். இரண்டு ஓரமும் புதிதாகவே இருக்கும். நீளவாக்கில் நடுவே வெட்டுங்கள். ஓரங்கள் இரண்டையும் உள்ளே கொண்டுவந்து சேர்த்துத் தையுங்கள். நைந்த பகுதி இப்போது வெளி ஓரமாகிவிடும். அதை மடித்துத் தைத்துவிட்டால் விரிப்பு இன்னும் ஓரிரு ஆண்டு வரும்.

கைலி உட்காரும் இடத்தில் நையும். அந்தப் பகுதியைக் கழித்துவிட்டால் மீதித் துணியில் தலையணை உறை வரும், கடைக்குப் போகிற பை வரும், சமையலறைக்குப் பிடிதுணி வரும். சேலை அடிக்கரையிலும் கொசுவத்திலும் நையும். முந்தானைப் பக்கமும் உள்சுற்றும் நன்றாக இருக்கும். அதில் குழந்தைக்குப் பாவாடை தைக்கலாம், ஜன்னலுக்குத் திரை போடலாம். சட்டை காலரில் நையும். பழைய தையல்காரர்கள் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துக் கொடுப்பார்கள். சட்டை புதிதாகிவிடும். இன்றும் கேட்டால் தைத்துத் தருவார்கள். நாம்தான் கேட்பதில்லை.

இன்னொன்று. எல்லாத் துணியும் எல்லா வேலைக்கும் ஆகாது. பருத்தி தண்ணீரை உறிஞ்சும். அதனால் தரை துடைக்க, பாத்திரம் துடைக்கப் பருத்தி. பாலியஸ்டர் உறிஞ்சாது. அதைத் துடைக்க வைத்துக்கொண்டு 'பழைய துணி உதவாது' என்று குறை சொல்லக்கூடாது. அது பைக்கும், தையல் மெஷின், மின்விசிறி மேல் போடும் உறைக்கும் ஏற்றது. கந்தலாக்குவதற்கு முன் பட்டனையும் ஜிப்பையும் அறுத்து ஒரு டப்பாவில் போடுங்கள். அடுத்த முறை தையல் கடைக்குப் போகும்போது அவை காசு.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. அதற்குப் பிறகும் கடைக்குக் கடை காசு கொடுத்துப் பை வாங்குகிறோம். வீட்டில் கிடக்கும் 2 கைலியை வெட்டினால் நாலைந்து பை வரும். ஒன்று வண்டியில், ஒன்று கடையில், ஒன்று வீட்டு வாசல் ஆணியில். தொங்கட்டுமே!

பாட்டில், பெட்டி, காகிதம்

ஊறுகாய், ஜாம், தேன் வரும் கண்ணாடி பாட்டில்கள் நல்ல சாமான்கள். நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்தால் மசாலாவுக்கும் பருப்புக்கும் ஆகும். ஊறுகாய் வாடை கண்ணாடியில் நிற்காது, மூடியில் நிற்கும். ஆகவே அந்தப் பாட்டிலில் தேயிலை போடாதீர்கள், மிளகாய்த்தூள் போடுங்கள். கல்யாணப் பத்திரிகையின் தடித்த அட்டை கடையில் விலைச்சீட்டுக்கு ஆகும். பிள்ளைகளின் பழைய நோட்டில் எழுதாத பக்கங்களைப் பிரித்துத் தைத்தால் புள்ளி நோட்டு. மாதக் காலண்டர் தாள் பாடப்புத்தகத்துக்கு அட்டை. சரக்கு வந்த அட்டைப்பெட்டியைப் பழைய முகவரிச் சீட்டைக் கிழித்துவிட்டு வெளியூர்ப் பார்சலுக்குப் பயன்படுத்துங்கள். பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய சாமான் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். அடுப்புப் பற்றவைக்க அதைக் கொளுத்துகிறவர்கள் காசையும் கொளுத்துகிறார்கள், நச்சுப்புகையையும் சுவாசிக்கிறார்கள்.

சுத்திகரிப்பு மெஷின் உள்ள வீடுகளில் நல்ல தண்ணீர் ஒரு குழாயில் வரும்போது, கழிவுத் தண்ணீர் இன்னொரு குழாயில் சாக்கடைக்குப் போகிறது. அதை வாளியில் பிடித்தால் தரை துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம். 2019 கோடையில் சென்னையில் ஒரு குடத்துக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த வாளியின் அருமை தெரியும்.

எதைச் செய்யக்கூடாது?

சிக்கனம் என்ற பெயரில் ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது. இதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

பூச்சிமருந்து, பெயிண்ட், ரசாயனம் வந்த டப்பாவையும் டிரம்மையும் எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கோ குடிநீருக்கோ வைக்கக்கூடாது. குளிர்பான பாட்டிலில் பினாயிலோ ஆசிடோ மண்ணெண்ணெயோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைக்குப் பாட்டில்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது.

உணவுக்கடை நடத்தும் சகோதரர்கள் கவனிக்க! செய்தித்தாளில் பஜ்ஜி, வடை, பரோட்டா கட்டிக் கொடுப்பது சிக்கனம் அல்ல. அச்சு மை உணவில் ஒட்டும். 2018ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிகள் அதைத் தடைசெய்கின்றன. பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும் சிக்கனம் அல்ல. எண்ணெய் கெட்டுப்போவதை அளக்கும் ஓர் அளவு உண்டு. அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. பழைய எண்ணெயை வாங்கி பயோடீசல் தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விற்றால் வருமானம். வாடிக்கையாளர் வயிற்றுக்குள் அனுப்பினால் பாவம்.

கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். அதற்குத் துணி சுற்றிச் சமாளிக்காதீர்கள். நைந்த மின்வயர், விழுந்து அடிபட்ட ஹெல்மெட், நாள் கடந்த மருந்து, இவற்றுக்கெல்லாம் மறுவாழ்வு கிடையாது.

மொட்டை மாடியில் பழைய டயரும் உடைந்த வாளியும் குவித்து வைப்பதும் சேமிப்பு ஆகாது. மழைநீர் தேங்கினால் டெங்கு பரப்பும் கொசு அங்கேதான் முட்டையிடும். மருத்துவமனைச் செலவு ஒரே வாரத்தில் பத்தாண்டு மிச்சத்தைத் தின்றுவிடும்!

சேர்த்து வைப்பது மட்டும் சேமிப்பு அல்ல

இளைஞர்கள் கைபேசியில் வீடியோ பார்க்கிறீர்கள். பழைய பாட்டிலில் அலங்கார விளக்கு, பழைய டயரில் நாற்காலி என்று காட்டுகிறார்கள். அதைச் செய்யப் பெயிண்ட், பசை, கயிறு, தூரிகை என்று பணம் போட்டு வாங்க வேண்டியிருக்கிறது. விளக்கே வேண்டாதவன் விளக்கு செய்ய 400 ரூபாய் செலவழித்தால் அது பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு தவறில்லை, ஆனால் சேமிப்புக் கணக்கில் எழுதாதீர்கள். கடைக்குப் போய் ஒரு பொருளை வாங்க இருந்தோம், வீட்டிலிருந்த பொருளே அந்த வேலையைச் செய்துவிட்டது என்றால்தான் பணம் மிச்சம்.

அந்த மிச்சமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வீட்டில் ஒரு சிறு நோட்டுப் போடுங்கள். 'வாங்காத கணக்கு' என்று பெயர் வையுங்கள். தலையணை உறை வாங்கவில்லை, இத்தனை ரூபாய். பள்ளிப் பையின் ஜிப் மாற்றினோம், புதுப்பை வாங்கவில்லை, தையல் கூலி போக இத்தனை ரூபாய். மாதக் கடைசியில் கூட்டி, அந்தப் பணத்தை அன்றைக்கே எடுத்துத் தனியே போடுங்கள். எடுத்துப் போடாவிட்டால் அந்தப் பணம் வேறொரு செலவில் கரைந்துவிடும். நோட்டில் 600 என்று எழுதியிருக்கும், கையில் ஒன்றும் இருக்காது. துணித்துண்டும் பாட்டிலும் மட்டும் இந்த 600ஐத் தந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடை, பள்ளிச் சாமான், மரச்சாமான், பழுது பார்ப்பு ஆகிய நாலும் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு நிறையும். கால் ஆடும் மேஜைக்கு ஆசாரி கூலி எவ்வளவு, புது மேஜை எவ்வளவு என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இது பெண்கள் வேலை என்று ஆண்கள் ஒதுங்கிக்கொள்ளவும் கூடாது. உண்மையைச் சொன்னால் நம் தாய்மார்கள் இதையெல்லாம் எப்போதோ செய்தவர்கள். பழைய சேலைத் தொட்டிலில் ஆடித்தான் நாம் வளர்ந்தோம். கெட்டுப்போனது நம் தலைமுறையில்தான்.

மஹல்லாவில் செய்ய வேண்டியது

ஒரு வீட்டில் பயனற்றது பக்கத்து வீட்டுக்குத் தேவையாக இருக்கலாம். பிரியாணி தேக்சாவும் சஹனும் பல ஊர்களில் பள்ளிவாசலிலேயே இருக்கின்றன. விசேஷ வீட்டார் எடுத்துப் பயன்படுத்தித் திருப்பித் தருகிறார்கள். நம் முன்னோர் செய்துவைத்த நல்ல ஏற்பாடு. அதைத் தேக்சாவோடு ஏன் நிறுத்த வேண்டும்?

எத்தனை வீட்டுப் பரணில் சக்கர நாற்காலியும் வாக்கரும் தூசி படிந்து கிடக்கின்றன! வாப்பாவுக்காக வாங்கியது. வாப்பா போய்விட்டார்கள். விற்க மனம் வரவில்லை. அதே தெருவில் இன்னொரு வீட்டில் இடுப்பெலும்பு முறிந்த தாய்க்கு அதை வாங்கக் கடன் கேட்டு அலைகிறார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பத்தே வாசல்! நம் இளைஞர்கள் ஒரு பட்டியல் எடுத்து, ஜமாஅத் அறையில் அவற்றைத் துடைத்து வைத்து, தேவைப்படுபவருக்குக் கொடுத்து வாங்கினால் போதும். ஒரு ரூபாய் வசூல் வேண்டாம். பள்ளித் தேர்வு முடிந்ததும் தனியார் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகங்களையும் சீருடைகளையும் இதேபோல் கைமாற்றலாம்.

கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதியில் என்ன நடந்தது? நாடெங்கிலுமிருந்து வந்த பழைய துணிகள் சாலையோரத்தில் குவியலாகக் கிடந்தன. கிழிந்ததும் அழுக்கானதும் கலந்து கொட்டியதால், எல்லாவற்றையும் இழந்தவர்கள் கூட அவற்றை எடுத்துக்கொள்ள மறுத்தார்கள். ஏழைக்கும் மானம் உண்டு. 1999ல் தொடங்கப்பட்ட கூஞ்ச் என்ற தொண்டு நிறுவனம் அந்தத் துணிகளைத் தரம் பிரித்துப் பயன்படுத்தும் வேலையில் இறங்கியது. நாம் கொடுப்பதைத் துவைத்து, பட்டன் வைத்து, மடித்துக் கொடுப்போம். நாம் உடுத்தத் தயங்குவதை அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடாது. உடுத்தத் தகாதது துடைக்கும் துணி. அதற்குமேல் அதற்கு மரியாதை செய்ய வேண்டாம்.

சகோதரர்களே! பெரிய முதலீடு கேட்டு நான் இங்கே நிற்கவில்லை. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும், கடையில் சரக்கிருப்பு எடுப்பதுபோல் வீட்டில் ஒரு இருப்புக் கணக்கு எடுங்கள். பரணை இறக்குங்கள், பீரோவைத் திறங்கள். வீட்டிலேயே உதவுவது, சரிசெய்தால் உதவுவது, அடுத்தவருக்கு உதவுவது, எடைக்குப் போவது என்று நாலாகப் பிரியுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் பார்த்துக் கற்கட்டும். பிறகு அந்த நோட்டைத் திறந்து முதல் வரியை எழுதுங்கள். அடுத்த சரக்கு எடுக்கும் நாளில், இன்ஷா அல்லாஹ், யார் வாசலிலும் நிற்காமல் உங்கள் சொந்தப் பணத்தை எண்ணிக் கொடுப்பீர்கள்.